கொச்சி யூதப் பெண்களின் பாட்டேடுகள்

யூத சமய மரபு பெண்ணுக்கு என்ன கொடுத்தது, எதை மறுத்தது? இதைப் பார்க்க ஜெருசலேம் வரை போக வேண்டியதில்லை, கேரளத்தின் கொச்சி போதும். அங்கே யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் சமயப் பாடல்கள் பாடினார்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி மகள்களுக்கும் பேத்திகளுக்கும் விட்டுச் சென்றார்கள்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, குறித்த நேரத்தில் செய்யவேண்டிய பெரும்பாலான சமயக் கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு அளித்தது. மகளுக்கு யூத வேதமான தோராவைக் கற்பிப்பது தந்தையின் கடமை என்றார் அதில் வரும் அறிஞர் பென் அசாய். அது அவளைக் கெடுக்கும் என்றார் இன்னொரு சமய ஆசானான ரபி எலியேசர். பின்னாளில் எலியேசரின் கருத்தே ஓங்கியது. மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூத் போற்றும் புரூரியா போன்ற பெண் கல்விமான்கள் அரிய விதிவிலக்குகள். பெண்குரல் ஆணின் மனத்தைக் கலைக்கும் என்ற தல்மூத் கருத்தைக் காட்டி, ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதையும் பல சமூகங்கள் தடுத்தன.

கொச்சியில் அந்தத் தடை எடுபடவில்லை.

கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் கூடிப் பாட, ஆண்கள் மரியாதையோடு கேட்டார்கள். வேதக் கதைகளோடு, ரபிகளின் விளக்கக் கதைகளும் அந்தப் பாடல்களில் கலந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் ஆண்கள் காத்த அறிவைப் பெண்கள் தாய்மொழியில் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதே இந்த மரபின் பெரும்பலம்.

குறையும் சிறிதல்ல. ஜெப ஆலயத்தில் அவர்கள் இடம் மாடிதான். கேரள ஜெப ஆலயங்களில் தோரா வாசிக்கும் மேடை ஒன்று மாடியிலும் பெண்கள் பகுதிக்கு அருகிலேயே உண்டு; ஆனால் அங்கும் வாசித்தவர்கள் ஆண்களே. கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் பெண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாடல்களை இயற்றியவர்களில் பெரும்பாலோர் பெயரும் தெரியாமல் போயிற்று.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததும், பாடும் வழக்கம் தளர்ந்தது. ஏடுகள் பிழைத்தன. 1912இல் பிறந்த கொச்சி யூதப் பெண் ரூபி டேனியல் பல பாடல்களை ஆங்கிலத்தில் தந்தார். ஆய்வாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய நினைவு நூல் 1995இல் வந்தது. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த ‘கார்குழலி’ என்ற பாடல் தொகுப்பு 2005இல் ஜெருசலேமில் வெளியானது.

விலக்கு என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு, பெண்ணைச் சட்டம் பேசும் சபைக்கு வெளியே நிறுத்தியது. கொச்சிப் பெண்களின் பாட்டு அந்த அநீதியை ஈடுகட்டவில்லை. ஆனால் கற்கத் தகுதியில்லாதவள் பெண் என்ற வாதத்தைப் பொய்யாக்கியது. மலையாளத்துக்கு மிக நெருங்கிய தமிழில் இப்பாடல்களை முழுமையாகக் கொண்டுவரும் பணியை நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் செய்ய வேண்டும்.