கோட்டகமச் சாசனமும் யாழ்ப்பாண அரசின் தேசப்படமும்

மகா அலெக்சாந்தரின் பேரரசைக் காட்டும் தேசப்படங்களில் மசிடோனியா முதல் பியாஸ் ஆறுவரை பெரும்பாலும் ஒரே நிறந் தீட்டப்பட்டிருக்கும். கி.மு. 326இல் அவன் படை திரும்பிய இடமே பேரரசின் எல்லையாகிவிடுகின்றது. தோல்வியுற்ற பின்னரும் தன் நாட்டைத் தானே ஆண்ட போரசின் நிலமும் அந்நிறத்துள் அடங்கும். படை சென்ற வழியையும் ஆட்சி நிலைபெற்ற நிலத்தையும் வேறுபடுத்தாத இந்நோக்கு யாழ்ப்பாண அரசின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆதிக்கம் தெற்கே பரந்தமைக்குச் சான்றாகக் காட்டப்படும் கோட்டகமச் சாசனத்தை இவ்வகையில் மீள நோக்குதல் தகும். முதலியார் செ. இராசநாயகம் (1926), பேராசிரியர் சி. பத்மநாதன் (1978) முதலியோர் இச்சாசனத்தை எடுத்தாண்டுள்ளனர்.

கேகாலை மாவட்டத்திற் கிடைத்த இச்சாசனம் ஒரு தமிழ் வெண்பாவாகும். சிங்கைநகர் ஆரியனுக்குப் பணியாத அரசரின் மகளிர் உற்ற துயரே அதன் பொருள். கையில் விளங்கவேண்டிய கங்கணம் கண்ணிலும், நெற்றியில் விளங்கவேண்டிய திலகம் கையிலும் தோன்றின என்கிறார் புலவர். கங்கணம் என்பது நீர்த்துளியையுங் குறித்துச் சிலேடையாய் நின்றது. துடைக்கப்பட்டமையால் திலகம் கைக்கு வந்தது. அணிகள் இடம்மாறியமை கூறி, ஓர் அரசு நிலைகுலைந்தமையை உணர்த்தும் இத்திறன் பாராட்டற்பாலது. பகைவர் மகளிரின் அவலத்தால் வென்றோன் பெருமையை விளக்குதல் பழைய புறப்பாடல் மரபேயாகும்.

ஆயின் அரசனின் இயற்பெயர், ஆண்டு, போர்க்களம், கைக்கொண்ட ஊர் என்பவற்றுள் எதுவும் இவ்வெண்பாவில் இல்லை. அதன் காலம் குறித்தும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெற்றியின் புகழ் கேகாலைப் பகுதியை எட்டியதெனக் கொள்ளலாம். ஆட்சி அங்கு எத்துணைக் காலம் நிலைத்ததெனப் பாடலைக் கொண்டு கூறவியலாது.

ஏனைய சான்றுகள் வேறுவகையான ஆதிக்கத்தைக் காட்டுகின்றன. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த துறை புத்தளம் எனக் கொள்ளப்படுகின்றது. அவர் குறிப்புகளில் முத்தும் கலங்களும் உடைய கடலரசன் ஒருவனைக் காண்கிறோம். இராசாவலிய என்னும் சிங்கள நூலோ, மலைநாடு, தாழ்நாடு, ஒன்பது துறைகள் ஆகியவற்றிலிருந்து அவன் திறை பெற்றதாகவும், அழகேசுவரன் அதனை எதிர்த்து வரிதண்டுவோரை ஒழித்ததாகவும் கூறுகின்றது. திறை கொடுத்த நாட்டில் அதன் மன்னரே ஆண்டிருத்தல் கூடும்.

எனவே நேரடி ஆட்சி, துறைமுக ஆதிக்கம், திறையுரிமை, வெற்றிப்புகழ் என்பன தேசப்படத்தில் வெவ்வேறு குறிகளாற் காட்டப்படவேண்டியவை. வெண்பாவை எல்லைக்கல்லாகக் கொள்வோர் அரசை மிகைப்படுத்துவர். வெறும் புகழுரையென ஒதுக்குவோர் அதன் வலிமையை மறைப்பர். இவ்விரு சாராரும் நம் வரலாற்றைத் தத்தம் விருப்புக்கேற்ப வளைக்கும் நிலையில், பாடலை முதலிற் பாடலாகப் படித்தல் ஆய்வாளனின் கடனாகும்.