குதிரையேற்றமும் எல்லையும்: 'மூன்று அரசுகள்' அட்டைத் தொகுதி – ஒரு மதிப்பீடு

லுவோ குவான்ஜோங் பெயரால் வழங்கும் 'மூன்று அரசுகள்' என்னும் சீனப் புதினம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் சான் கிம் பூன் அதனை 1892 முதல் 1896 வரை பாபா மலாயில் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1999இல், அப்புதினம் எதிர்பாராத வடிவம் ஒன்றைப் பெற்றது. அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், தன் 'மேஜிக்: த கேதரிங்' சேகரிப்பு அட்டை விளையாட்டிற்காக 'போர்ட்டல் த்ரீ கிங்டம்ஸ்' என்னும் 180 அட்டைகள் கொண்ட தொகுதியை ஆசிய-பசிபிக் சந்தைக்கென்றே வெளியிட்டது. சீனத்திலும் ஜப்பானியத்திலும் அது வந்தது; ஆங்கிலப் பதிப்பு மிகக் குறைவு.

விளையாட்டுப் பொருளை இலக்கியத் திறனாய்வு தொடலாமா என வினவுவோர் உளர். ஒரு புதினத்தை 180 கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் ஒரு விதி எழுதுபவர் உரையாசிரியரின் பணியையே செய்கிறார் என்பதே என் விடை. உரை நல்லதா என்பதுதான் ஆராயத்தக்கது.

விளையாட்டின் அடிப்படை எளியது. ஒருவர் தம் வீரர்களைத் தாக்க அனுப்புவார். எதிராளி தம் வீரர்களைக் கொண்டு தடுப்பார். இந்த எளிய அமைப்புக்குள் சில அட்டைகள் வியக்கத்தக்க நுட்பத்துடன் கதையைப் பொருத்துகின்றன. டியாவ்சான் என்னும் அழகி, துங் ஜுவோவையும் அவன் வளர்ப்பு மகன் லூ பூவையும் பகைவராக்கிய கதை பலரும் அறிந்தது. அவளது அட்டையைப் பயன்படுத்துபவர் தாம் விரும்பும் ஒரு வீரரை அழிக்கலாம். ஆனால் உடனே எதிராளி விரும்பும் ஒரு வீரரும் அழிய வேண்டும். சூழ்ச்சி ஏவியவரையும் விட்டுவைக்காது என்பதை ஒரு பத்தி விளக்கத்தைவிட இவ்விதி தெளிவாகச் சொல்கிறது. ஜூகே லியாங் பகைவரின் அம்புகளையே கவர்ந்த நிகழ்வும் அவ்வாறே: எதிராளியிடம் களைத்துக் கிடக்கும் வீரர் எத்தனையோ, அத்தனை அட்டைகள் நம் கைக்கு வருகின்றன.

லியூ பெய் அட்டையில் உரை பிழைக்கிறது. குவான் யூவோ ஜாங் ஃபெய்யோ உடனிருந்தால் அவன் வலிமை கூடும் என்பது விதி. 'ஓ' என்னும் இவ்விடைச்சொல்லே இடறுகிறது. இருவரில் ஒருவர் போதும். மற்றவர் மாண்டாலும் வலிமை குறையாது. புதினமோ நேர்மாறானது. ஒரே நாளில் இறப்போம் எனப் பீச் தோட்டத்தில் சூளுரைத்த மூவரில் குவான் யூ வீழ்ந்தபின், பழிவாங்கப் புறப்பட்டுப் பெரும்படையையே இழக்கும் லியூ பெய்யை இவ்வட்டை அறியாது. ஜூகே லியாங்கின் குடிசைக்கு ஓர் அரசன் மும்முறை நடந்த நிகழ்வு, அட்டைக் கட்டிலிருந்து ஒரு காட்டைத் தேடி எடுக்கும் வசதியாகச் சுருங்கியதும் இத்தகையதே. பெயர் நிற்கிறது, பணிவு போயிற்று.

இத்தொகுதியின் தலைசிறந்த முடிவு வேறொன்று. இவ்விளையாட்டில் பறக்கும் உயிர்கள் இன்றியமையாதவை. புதினத்தின் போர்க்களத்தில் பறப்பவர் இல்லை என்பதால் பறத்தலை முற்றிலும் நீக்கி, அவ்விடத்தில் 'குதிரையேற்றம்' என்னும் திறனை வைத்தனர். குதிரையேறியவரைக் குதிரையேறியவரே தடுக்க இயலும். குதிரை மறம் எனத் தனித் துறை வகுத்த புறத்திணை மரபில் பயின்றோர்க்கு இத்தேர்வின் பொருத்தம் எளிதில் விளங்கும். மூலத்திற்கு உண்மையாயிருக்க விளையாட்டின் இலக்கணத்தையே மாற்றிய துணிவு இது.

வட்டார எல்லை இத்துணிவைத் திரித்துவிட்டது. தொகுதிக்குள் இரு தரப்பிலும் குதிரைகள் உண்டு; ஆகவே திறனுக்கு எதிர்த்திறன் உண்டு. தொடக்கத்தில் பெரும்போட்டிகளில் இடம்பெறாத இவ்வட்டைகள், 2005 அக்டோபரில் பழைய அட்டைகளை ஏற்கும் போட்டி முறைகளுக்குள் நுழைந்தபோது, எதிரே குதிரை ஏறக்குறைய இல்லை. களத்திற்கு உண்மையாயிருக்கப் பிறந்த சொல், தன் நிலத்தைவிட்டு வெளியே சென்றதும் தடுப்பாரற்ற வலிமையாயிற்று. மொழிபெயர்ப்பில் சூழலிழந்த சொற்களுக்கு நேர்வது பெரும்பாலும் பொருளிழப்பு. இங்கு நேர்ந்தது மிகை.

விலையும் அவ்வழியே சென்றது. இவ்வட்டாரத்து வாசகரை எண்ணி ஆக்கிய தொகுதியை மேலைநாட்டு ஆட்டக்காரர் தேடியது கதைக்காக அன்று. கட்டிலிருந்து வேண்டிய அட்டையைத் தேர்ந்து மேலே வைக்கும் 'பேரரசு முத்திரை' போன்ற சிலவற்றிற்காக. அவ்வட்டை 2022இல் மறுபதிப்புப் பெறும்வரை, அதன் அருமைக்குக் காரணம் விற்பனை எல்லையும் குறைந்த அச்சுமே. புதினத்தில் அம்முத்திரையை லுவோயாங் கிணற்றில் கண்டெடுத்து ஒளித்த சுன் ஜியான், தன்னிடம் இல்லையெனப் பொய்ச்சூளுரைத்து, சூளுரைத்தபடியே கொடுஞ்சாவு எய்துகிறான். அட்டையைப் பயன்படுத்துபவர் இழப்பதோ இரண்டு உயிர்ப்புள்ளிகள்.