கோலப்புள்ளியும் மதிப்பெண்ணும்

மாணவர்களுக்குப் பழகிய பண்பாட்டுப் பொருளைக் கொண்டு அவர்களின் கணிதப் படைப்பாற்றலை அளக்கலாம் என்பது நல்ல யோசனை. இந்தோனேசியாவில் பாத்திக் துணியின் வடிவங்களை வைத்துக் கணக்குக் கேட்கிறார்கள். நமக்குக் கோலம் இருக்கிறது. அதில் கணிதம் உண்டு என்பதை யாரும் வலிந்து சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கணினியியலின் இலக்கண முறையில் கோலங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள்.

1-3-5-7-5-3-1 என்று புள்ளி வைத்துவிட்டு, மொத்தம் எத்தனை என்பதைப் பல வழிகளில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோர் வரிசை வரிசையாகக் கூட்டுவார்கள். யாராவது ஒருவர் நோட்டைச் சாய்த்துப் பார்த்து, 4×4 சதுரமும் அதன் இடைவெளிகளில் 3×3 சதுரமும் இருப்பதைக் கண்டுபிடிப்பார்: 16+9=25. இன்னொருவர் 5×5 என்று எழுதக்கூடும். விடை சரிதான், ஆனால் தற்செயல். 1-3-5-3-1 வைத்தால் 13தான் வரும். வாய்ப்பாட்டுக் கணக்கு இவர்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டாது.

சிக்கல் மதிப்பெண் போடும்போது வருகிறது. படைப்பாற்றலை அளக்கும் டாரன்ஸின் சோதனைகளைப் பின்பற்றி எத்தனை விடை, எத்தனை வகை, வகுப்பில் எவ்வளவு அரிது என்று எண்ணுகிறோம். புதிதாக ஒரு கோலம் போடச் சொன்னால், மார்கழி முழுக்க அம்மாவோடு வாசலில் உட்கார்ந்த பெண் வரைவது வகுப்பில் அரிதாகத்தான் இருக்கும். ஆனால் அது பாட்டியின் கோல நோட்டிலிருந்து வந்திருக்கலாம். கோலமாவைத் தொடவே விடாத வீட்டுப் பையனும், அந்த வழக்கமே இல்லாத வீட்டுப் பிள்ளையும் திணறித் திணறிச் சொந்தமாக ஒன்றைப் போடுவார்கள். அது எல்லோரும் போடுவதுபோலவே இருக்கும். நினைவுக்கு அதிக மதிப்பெண்ணும் சிந்தனைக்குக் குறைவும் கிடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காகக் கோலத்தைக் கைவிட வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு குறுக்கிடும்படி சிக்குக் கோலம் போட்டால், 3×4 புள்ளியில் ஒரே இழை, 4×6இல் இரண்டு, 4×4இல் நான்கு. போடும் முன்பே எத்தனை இழை என்று சொல்ல முடியுமா? விடை, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. இதை எந்தக் கோல நோட்டும் சொல்லித்தராது. “ஒற்றைப்படை இருந்தால் ஒரே இழை” என்று ஒரு பிள்ளை ஊகிக்கும். 3×3 போட்டதும் மூன்று இழை வந்து ஊகம் உடையும். அடுத்து அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண் வேண்டும். திருத்தமாக வரைந்த தாளை மட்டும் வாங்கினால் இது தெரியாது. அடித்துத் திருத்திய தாளையும் சேர்த்து வாங்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் அதைப் படித்துப் பார்க்க ஆசிரியருக்கு நேரமும் தர வேண்டும்.