கர்நாடக அரசின் திரை விருதுகள்: தேர்வு சரி, தேதி?

2019ஆம் ஆண்டுக்கான கர்நாடக அரசின் திரைப்பட விருதுகள் 2025 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டன. 'பைல்வான்' படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தேர்வான கிச்சா சுதீப், விருது வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டதாகவும், தகுதியுள்ள வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பேச்செல்லாம் அந்த மறுப்பைச் சுற்றியே போயிற்று. பட்டியலைப் படித்தவர்கள் குறைவு.

படித்திருந்தால் நடுவர்களைக் குறை சொல்ல மனம் வராது. அந்த ஆண்டின் முதல் படம் பி. சேஷாத்ரியின் 'மோகன்தாஸ்', காந்தியின் பிள்ளைப் பருவக் கதை. 2021க்கு 'தொட்டஹட்டி போரேகௌடா'. அரசுத் திட்டத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள கிராமத்து ஏழை படும் பாட்டைக் காட்டும் படத்துக்கு அரசே முதல் பரிசு கொடுத்தது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டேன்.

படப் பரிசு சிறிய படத்துக்கு, நடிப்புப் பரிசு நட்சத்திரத்துக்கு என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 2019இல் சுதீப், 2021இல் '777 சார்லி'க்காக ரக்ஷித் ஷெட்டி. 2020க்குத் தேர்வானவர் 'ஜென்டில்மேன்' படத்தில் நடித்த பிரஜ்வல் தேவராஜ். நடிப்புப் பரிசில் அந்தச் சந்தேகத்தை முழுதாக மறுக்க முடியாது, படத் தேர்வில் குறை காணவில்லை.

தாமதத்துக்குத்தான் சமாதானம் கிடைக்கவில்லை. கொரோனா என்பார்கள். அதே 2019க்கான விருதுகளைக் கேரளம் கொரோனா நடுவிலேயே, 2020 அக்டோபரில் அறிவித்துவிட்டது. (தமிழ்நாடும் பேச முடியாது, 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டு விருதுகளை 2017இல் மொத்தமாக அறிவித்த அரசு நம்முடையது.)

நட்சத்திரப் படத்துக்கு இந்தத் தாமதத்தால் நட்டமில்லை. வசூல் ஏற்கெனவே வந்திருக்கும். 'மோகன்தாஸ்' போன்ற படத்துக்கோ தியேட்டர்காரர் ஒரு காட்சி ஒதுக்கவும், தொலைக்காட்சி விலை பேசவும் அரசு விருது கைகொடுக்கும், அது முதல் ஓராண்டுக்குள் வந்தால். அதன் பிறகு வரும் பதக்கம் தயாரிப்பாளர் வீட்டு அலமாரிக்குப் போகும். படத் தேர்வுக்காக நடுவர் குழுவுக்குத் தாராளமாக மதிப்பெண் போடுவேன். ஆனால் சிறிய படங்களைத் தூக்கி நிறுத்துவதே விருதின் வேலை என்றால், அந்த வேலையில் கர்நாடக அரசு தோற்றிருக்கிறது.