தேடிய தேட்டமான உறவு

யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்தின் உடைமை மூன்றாக வகுத்துரைக்கப்பட்டது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடிய தேட்டம். காணியையும் பனந்தோப்பையும் கருதி எழுந்த இப்பாகுபாட்டை உறவின்மேல் ஏற்றிப் பார்த்தலில் தவறில்லை. பிறப்பால் வாய்த்த உறவு ஒன்று; மணத்தின் வழி கைமாறி வந்த உறவு ஒன்று; இவ்விரண்டுமன்றி, முன்பின் அறியாதாரிடையே தேடிக்கொள்ளப்பட்ட உறவு ஒன்று. சனரஞ்சக நாவலில் இனிய காதற்கதை எனப்படும் வகை, இம்மூன்றாம் உறவையே தனது முதலீடாகக் கொண்டு வாழ்வது.

அதன் கதையமைப்பு வாசகர் நன்கறிந்தது. தாய் தந்தையரை இழந்த பெண்ணொருத்தி அயலார் வீடொன்றிற் புகலடைகிறாள். அவ்வீட்டில் நோயுற்ற கிழவி ஒருத்தியும், தாயற்ற குழந்தை ஒன்றும், நெடுநாள் உழைத்து முதிர்ந்த சமையற்காரர் ஒருவரும் உளர். ஒருகால் வஞ்சிக்கப்பட்டமையால் எவரையும் நம்பாத ஆடவன் ஒருவன் அவ்வீட்டின் தலைவன். அவள் நம்பக் கற்கிறாள், அவனும் கற்கிறான், கிழவியும் குழந்தையும் சமையற்காரரும் அவளுக்குச் சுற்றமாகின்றனர். லக்ஷ்மி முதலாக ரமணிசந்திரன் ஈறாக எண்ணற்ற வாசகரை, சிறப்பாகப் பெண்களை, ஈர்த்து நின்ற எழுத்து இவ்வட்டத்தைச் சுற்றியே பெரும்பாலும் இயங்கியது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) வெளிவந்த காலந்தொட்டு ஈழத்துத் திறனாய்வு இத்தகு கதைகளை யதார்த்தத்தினின்றும் தப்பியோடுவன என ஒதுக்கியே வந்துள்ளது. அத்தீர்ப்பிற் பெரும்பகுதி சரியானதே. ஆயினும் கதை எழுப்பும் வினாவும் கதை தரும் விடையும் வேறு வேறானவை. விடை போலியானது என்பதனால் வினாவும் போலியாகிவிடாது.

வினாவின் பழமையை உணரச் சங்கப் பாடல் ஒன்றே போதும். குறுந்தொகை நாற்பதாம் பாடல் காதலின் பெருமையைக் கூறுவதாகவே மேடைதோறும் எடுத்தாளப்படுகின்றது. செம்மண்ணிற் கலந்த நீரைப் பேசுவோர் அதன் துறைக்குறிப்பை மறந்துவிடுகின்றனர். கூடிய பின்னர், இவன் பிரிந்து போவானோ என அஞ்சிய தலைவியின் முகமாற்றத்தைக் கண்டு தலைவன் கூறிய கூற்று அது. தாயும் தந்தையும் ஒருவரையொருவர் அறியாதிருந்தமையை அவன் எடுத்துக் கூறுவது பெருமிதத்தால் மட்டுமன்று. சுற்றத்தின் பிணை எதுவுமில்லாத ஓர் உறவுக்கு அவளை இணங்க வைத்தற்காகவுமாம். அவள் நம்பினாளா என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை.

சிலப்பதிகாரம் இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். வணிகர் குலத்துப் பெண்ணுக்கும் ஆய்ச்சேரிக்கும் எவ்வகை இரத்தத் தொடர்பும் இல்லை. எனினும் மாதரியின் மகள் ஐயை கண்ணகிக்கு நாத்தூண் நங்கை, அதாவது கணவனின் உடன்பிறந்தாள், என்னும் முறையில் வைத்துப் பேசப்படுகிறாள். முறைப்பெயர் ஒன்றை வழங்கி, அப்பெயருக்குரிய கடமையையும் அன்றாடச் சமையலின் வழியே காப்பியம் சுமத்திவிடுகிறது. பின்னர் தான் காத்த அடைக்கலம் அழிந்தது என்றறிந்த மாதரி தீயிற் புகுந்த செய்தி நீர்ப்படைக் காதையிற் கூறப்படுகின்றது. தேடிக்கொண்ட உறவு எத்துணைக் கனமுடையது என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். மாதரியைக் கண்ணகியின் தொலைந்துபோன சிற்றன்னையாக்கிக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

இனிய காதற்கதை தவறுவது இவ்விடத்திலேதான். இவ்வகைக் கதைகள் பலவற்றின் இறுதி அத்தியாயத்திற் பழைய பெட்டி ஒன்று திறக்கப்படும். மங்கிய நிழற்படம் ஒன்றோ கடிதம் ஒன்றோ வெளிப்படும். அநாதை எனக் கருதப்பட்டவள் அவ்வீட்டுத் தலைவனின் மாமன் மகள் என்பது துலங்கும். சில கதைகளில் அவள் பெருஞ்செல்வம் ஒன்றுக்கு உரியவளாகவும் தெரியவருவாள். வாசகர் மகிழ்வர். இருநூறு பக்கங்களில் அரிதின் வளர்க்கப்பட்ட நம்பிக்கையோ அக்கணமே தேவையற்றதாகிவிடுகிறது. அயலாளை ஏற்றார்கள் என எண்ணியிருந்தது பொய்யாகி, தம் சொந்தக்காரியையே அறியாமல் ஏற்றிருந்தனர் என முடிகிறது. தேடிய தேட்டம் எனக் காட்டப்பட்டது முதுசமாகவும் சீதனமாகவும் மாற்றி எழுதப்படுகின்றது. நம்பக் கற்றலைப் பேசும் கதை தன் கதாநாயகியைத் தானே நம்பவில்லை.

இம்முடிவைக் கதாசிரியரின் கற்பனை வறட்சி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. இதே கதையை மானிப்பாயில் நிகழ்வதாக வைத்துப் பார்த்தால் அதன் காரணம் தெளிவாகும். மானிப்பாய் மூடிக்கிடந்த ஊரன்று. அமெரிக்க மிஷனாரின் அச்சுக்கூடம் அங்கு இயங்கியது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த ‘மானிப்பாய் அகராதி’ 1842 இல் வெளிவந்தது. சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து மாணாக்கரை உருவாக்கியதும் அவ்வூரிலேதான். கடல் கடந்து வந்த அந்நியனின் கத்திக்கு உடம்பை ஒப்புக்கொடுக்கத் துணிந்த ஊர் அது. ஆயின் மணவினையில் அத்துணிவு செல்லாது. தாய் தந்தையற்ற பெண் அங்கு அயலார் வீட்டிற் புகலடைவதற்கு முன்னர், தாய்மாமன் வீடும் சிறிய தாயார் வீடும் வேலிக்கப்பால் நிற்கும். அவள் யார் வழி, எந்தப் பகுதி, என்ன சீதனம் என்னும் வினாக்கள் படலையைத் திறக்குமுன்பே எழும். சித்திரைப் புத்தாண்டில் மருதடிப் பிள்ளையாரின் தேர் காணத் திரளும் கூட்டத்தில் இருவர் நின்று கதைத்தால், அன்று மாலைக்குள் இருவரின் மூன்று தலைமுறையும் அளந்து முடிக்கப்படும்.

தேசவழமையின் பிறிதொரு விதி இங்கு நினைவுகூரத்தக்கது. பிள்ளையில்லாதோர் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும்போது மஞ்சள்நீர் பருகும் சடங்கு உண்டு. உரிமையுடைய உறவினர் தம் சம்மதத்தின் அடையாளமாக அந்நீரில் விரல் தோய்க்க வேண்டும். தேடிய உறவுக்குச் சட்டம் இடமளித்தது. ஆனால் அதனைப் பிறந்த உறவின் விரல் தொட்ட பின்னரே ஏற்றுக்கொண்டது. காதற்கதையின் இறுதியில் திறக்கப்படும் பழைய பெட்டியும் இம்மஞ்சள்நீரும் ஒரே தொழிலைச் செய்வன. சட்டம் தன் நிபந்தனையை வெளிப்படையாகக் கூறியது; கதை அதனை மறைத்து வைத்துக் கடைசியிற் காட்டுகிறது.

ஈழத்து நாவல் இந்நிபந்தனையை மீறிப் பார்த்ததுண்டு. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ (1914), ஐம்பத்தோராம் சங்கீதத்தின் சொல்லைத் தலைப்பிலே தாங்கியது. அதில் கண்மணி, முறைப்படி அமைந்த மணவாழ்வின் கொடுமையைப் பொறுத்தே தேய்கிறாள். அவளுடைய தோழி பொன்மணி தான் விரும்பியவனை மணக்கத் துணிகிறாள். ஆசிரியையின் பரிவு பொறுமையின் பக்கமே சாய்கிறது என்பதை மறைத்தற்கில்லை. கிறித்தவ அறவுரையும் கதையை அடிக்கடி இடைமறிக்கிறது. எனினும் இனசனத்தின் பிணையோடு நடந்த மணம் நொறுங்குவதையும், பிணையின்றி நடந்தது நிலைப்பதையும் அருகருகே வைத்துக் காட்டிய துணிவு, அக்காலத்துக்கு மட்டுமன்றிப் பின்வந்த இனிய கதைகள் பலவற்றுக்கும் எட்டாதது.

அறுபதாண்டுகளின் பின்னர், தமிழகத்திலிருந்து வந்த சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களின் தொடக்கத்தில், வீரகேசரிப் பிரசுரங்கள் உள்நாட்டு எழுத்துக்குப் பரந்த சந்தையைத் திறந்தன. அவ்வரிசையில் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தனித்து நிற்பது. வன்னியின் தண்ணிமுறிப்பில், கதிராமனும் பதஞ்சலியும் தகப்பன் வீட்டின் ஆதரவின்றிக் காட்டோரத்தில் வாழ்வமைக்கின்றனர். ஊருக்குப் புதியவராக வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் அவர்களுக்கு உறவாகிறார். பதஞ்சலிக்கு எழுத்து வாசனை அவர் வழியே கிட்டுகிறது. தேடிய தேட்டம் என்பதற்கு இதனினும் இனிய சித்திரம் ஈழத்து நாவலிற் காண்டல் அரிது. பின்னர் அந்நம்பிக்கை உள்ளிருந்தே உடைகிறது. யாரும் யாருக்கும் மாமன் மகளாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அயலானை நம்புதல் என்பது காயப்படவும் இசைதல் என்பதைப் பாலமனோகரன் இனிமையைக் கைவிடாமலே எழுதினார். முற்பகுதியின் அழகில் மயங்கி இதனை மண்வாசனை நாவல் என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடக்குவோர் அதன் மையத்தைத் தவறவிடுகின்றனர்.

வாழ்க்கை பின்னர் கதையினும் வேகமாக ஓடியது. 1995 யூலை 9 ஆம் நாள், மானிப்பாயை அடுத்த நவாலியில் புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சூழலிலும் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. யார் வழி, எந்தப் பகுதி என்று கேட்டு ஆளறிந்து படலை திறந்த ஊரார், தம்மை அறியாதோரின் படலையில் நின்றனர். சில வீடுகள் திறந்தன. சில திறக்கவில்லை. சிலவற்றில் கிணறு வரை அனுமதி உண்டு, அடுக்களைக்கு இல்லை. பின்னர் ஊர் மீண்டோரும், ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறியோரும், அந்த மாதங்களில் ‘மாமி’ என்றும் ‘அண்ணை’ என்றும் அழைத்த சிலரை இன்றளவும் அப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர். அவர்களிடையே எந்த விரலும் மஞ்சள்நீரில் தோயவில்லை.

அக்கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பது இனிய காதற்கதைக்கு இயலாத பணியன்று. அதற்கு வேண்டிய கதாமாந்தர் அனைவரும், கிழவியும் தாயற்ற குழந்தையும் எவரையும் நம்பாத ஆடவனும், அந்த வீடுகளில் இருந்தனர். பழைய பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.