பட்டியின் அடி ஓரம்

சாய்ந்த மரப்பட்டிகளை அடுக்கிய லூவர் கதவுக்குச் சாயம் ஏற்றியவரின் கைத்திறனை அறிய முகப்பைப் பார்த்துப் பயனில்லை. ஏதாவது ஒரு பட்டியின் அடி ஓரத்தில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிப் பாருங்கள். காய்ந்த வார்னிஷ் சொட்டு ஒன்று விரலில் இடறினால், மேலே எத்தனை மினுமினுப்பு இருந்தாலும் அந்தக் கதவு என் கணக்கில் தேறாது.

மலாக்காவின் சுங்கை ரம்பாயில் நாங்கள் ஆசாரி தாத்தா என்று அழைத்தவரின் கதவுகளில் அந்தச் சொட்டு இருக்காது. நியாத்தோ மரத்தில்தான் அவருக்குப் பிரியம். மெரந்தியில் கண் பெரிது, சாயம் அங்கங்கே திட்டாகக் குடிக்கும் என்பார். பட்டிகளைச் சட்டத்தில் பூட்டும் முன்பே ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பிய இழையை உப்புத்தாளால் தேய்த்துப் படியவைத்து, பிறகுதான் சாயத் துணியைத் தொடுவார். குழிக்குள் மறையப்போகும் முனைகளுக்கும் சாயம் உண்டு. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஏர்கான் அறைகள் வந்த பிறகுதான் காரணம் விளங்கியது. உலர்ந்த காற்றில் மரம் சுருங்கும். பட்டி குழியிலிருந்து மயிரிழை அளவு வெளியே வரும். பூட்டிய பிறகு சாயம் பூசிய கதவென்றால், அந்த இடத்தில் சாயம் படாத மரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அவருடைய கதவுகளில் அந்தக் கோட்டை நான் கண்டதே இல்லை.

சாயத்துக்கு மேல் அரக்கு பாலிஷ். பட்டி சட்டத்தைத் தொடும் மூலையில் தூரிகையை வைக்கவே மாட்டார். நடுவில் வைத்து இரு பக்கமும் இழுப்பார், மூலையை நெருங்கும்போது தூரிகை ஏறக்குறைய காய்ந்திருக்கும். முதலில் பட்டிகள், அடுத்து குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெட்டுச் சட்டங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் வேலையை நிறுத்திவிடுவார். காற்றில் ஈரம் மிகுந்தால் பாலிஷ் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும் அல்லவா.

மலாக்கா நகரில் ஜாலான் துன் டான் செங் லோக் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உள்கதவில் பட்டி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. குறுகிய முகப்பு, நீண்ட உடல், நடுவே வான் தெரியும் முற்றம். முற்றத்துக் காற்று அறைக்குள் வர வேண்டும், பார்வை மட்டும் வரக் கூடாது. வெளி ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. வெயிலும் மழையும் படும் மரத்துக்கு அது கவசம். உள்கதவையும் வெள்ளைப் பெயின்டில் முழுக்குவதே அழகு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. வெளிச்சம் கூடும் என்பது அவர்கள் கட்சி. கூடும்தான். ஆனால் சாய்வான பட்டிமேல் விழும் மாலை வெளிச்சத்தில் மரத்தின் இழை ஒரு பட்டியில் மங்கி அடுத்ததில் துலங்குவதை அவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

2008-இல் நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றில் நான் கண்ட கதவுகளுக்கு பாலியுரேத்தேனை ஸ்பிரேயில் அடித்திருந்தார்கள். பட்டியின் மேல்முகத்தில் கண்ணாடி, அடிமுகத்தில் சொரசொரப்பு. ஸ்பிரே நேராகப் போகும், பட்டி சாய்ந்து நிற்கும். இரண்டுக்கும் பொருத்தம் அமைய, துப்பாக்கியைப் பல கோணங்களில் திருப்பும் பொறுமை வேண்டும்.

இப்போது வாங்கக் கிடைப்பவற்றில் ரப்பர் மரக் கதவுகளும் உண்டு. பக்கத்து மூவார், தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். நம் பெற்றோர் விடியற்காலையில் பால் வெட்டிய மரம், கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து ஓய்ந்தபின் பலகையாகிறது. அந்த மரத்தின்மேல் எனக்கு இளக்காரம் துளியும் இல்லை. வெளிர் நிறம், அடக்கமான இழை. மெல்லிய தேநீர் நிறச் சாயம் கொடுத்தால் அத்தனை இதமாக ஏற்கும். அதைத் தேக்காக வேடம் போடவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிறத்தை மரத்தில் ஏற்றாமல் லாக்கரிலேயே கலந்து அடித்துவிடுகிறார்கள். சாவி உரசினால் போதும், உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். மரத்துக்குள் இறங்கிய சாயம் உரசலுக்கு அத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்காது.

உங்கள் வீட்டில், அல்லது இடிக்கப்போகும் ஏதோ ஒரு துரை பங்களாவில், பழைய லூவர் கதவு இருந்தால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கக் கொடுத்துவிடாதீர்கள். பூட்டுவாய்களின் பசை விட்டுப்போகும், மரமும் கறுக்கும். முதலில் மறைவான மூலையில் ஸ்பிரிட் தோய்த்த துணியை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. புதிய அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். அழுக்கைத் துடைத்தெடுத்து மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தாலே போதும், கதவைக் கழற்றக்கூட வேண்டாம்.