காண்போனும் ஊழியனும்: பனியன் நூல்களில் ஒரு வளர்ச்சி

தமிழ்ப் புலவருலகில் ஜான் பனியன் (1628–1688) என்னும் பெயர் பெரும்பாலும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. 1894ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், பனியனுடைய மோட்சப் பிரயாணத்தின் முதற் பாகத்தைத் தழுவி எழுந்தது. எளிய ஆங்கில உரைநடை தமிழில் விருத்தக் காப்பியமாக வளர்ந்த அவ்வரலாறு பெருமைக்குரியது. அதனை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அக்காப்பியத்தின் வழியே பனியனை அறிந்தமையால் நம்மிடையே வேரூன்றிய ஒரு கருத்தையே ஆராயப் புகுகின்றோம். முதற் பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. காப்பியம் முதற் பாகத்தோடு அமைந்தது. எனவே, பனியன் கண்ட கிறித்தவ வாழ்வு தனியொருவன் தன்னுயிரைக் காத்துக்கொள்ள ஓடும் ஓட்டமே என்று கொள்வாராயினர். மனைவி மக்கள் கூவியழைப்பக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றவன் திருச்சபைக்கு எங்ஙனம் தொண்டனாவான் என்று மாணவர் வினவுவதுண்டு. வினா நல்ல வினாவே. அதற்கு விடை பனியனிடமே உண்டு. முதற் பாகத்தை மட்டும் புரட்டுவோர்க்கு அது முழுமையாக அகப்படாது.

முதற்கண் பனியனின் தன்வரலாற்றைக் காண்போம். 1666இல் சிறையிலிருந்தவாறே அவர் வெளியிட்ட அந்நூலை நாம் 'பெருகிய கிருபை' எனக் குறிப்போம். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலராகிய அவர், பெட்போர்டு நகரத் தெருவொன்றில், வெயில் காய்ந்தபடி வாயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்டிரைக் காண்கிறார். பேச்சு மறுபிறப்பைப் பற்றியது. சமயத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் வழக்கமுடைய அவர் அருகிற் சென்று கேட்கிறார்; கேட்கிறாரேயன்றி அவர்க்கு அது விளங்கவில்லை. பின்னர் அப்பெண்டிர் ஒரு மலையின் வெயிற்புறத்தே மகிழ்ந்திருப்பதும், தாம் மட்டும் பனியில் நடுங்கி நிற்பதும், இடையே சுவரொன்று குறுக்கிடுவதும் அவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. சுவரிற் சிறு பிளவொன்றைக் கண்டு, அரும்பாடுபட்டு உடலை நுழைத்து அப்புறஞ் சென்றதாக எழுதுகிறார். பார்த்து நிற்பவனின் ஏக்கத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் பகுதியை அந்நூலில் நாம் கண்டிலேம்.

சுவரைக் கடந்தவர் உடனே ஊழியராகிவிட்டார் என எண்ணுதல் பிழை. ஊழியத்திற்குத் தாம் வந்தவாற்றைப் பனியன் அந்நூலின் பிற்பகுதியில் தனியே கூறுகிறார். சபையாருட் சிலர் கூட்டத்தில் ஒரு சொல் பேசுமாறு அவரை வேண்டினர். அவர் கூசினார். வற்புறுத்தலின்மேல் இருமுறை சிறு கூட்டத்தில் பேசினார். பின்பு, நாட்டுப்புறங்களுக்குப் பேசச் சென்றோர் அவரையும் உடனழைத்தனர். அதன்பின்னரே சபை அவரை வெளிப்படையான உபதேசத்திற்கு முறைப்படி நியமித்தது. இவ்வரிசை கருதத்தக்கது. உள்ளத்தெழுந்த ஆர்வம் மட்டும் அவரைப் போதகராக்கவில்லை. பிறர் வேண்டுகோள் ஆக்கிற்று. தொடக்கத்தில் அவர் பேசியதெல்லாம் பாவத்தின் கொடுமை. தம் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்ததையே பேசினார். தாம் ஆறுதல் பெற்ற பின்னரே பேச்சும் கிறிஸ்துவின் அருளுக்குத் திரும்பியது. 1660இல் சிறைப்பட்டுப் பன்னீராண்டு கழித்தார். நாடாக்களுக்கு முனை பூட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். 1672 சனவரியில் பெட்போர்டுச் சபை அவரைத் தன் போதகராகத் தேர்ந்துகொண்டது.

இனி மோட்சப் பிரயாணம். முதற் பாகத்தில் வியாக்கியானியின் இல்லம் ஒரு காட்சிச்சாலை போன்றது. அங்கே கதைத்தலைவன் கிறிஸ்தியான் அறை அறையாக அழைத்துச் செல்லப்படுகிறான். அக்காட்சிகளுள் ஒன்றே நம் பொருளுக்கு உயிரானது. அழகிய மாளிகை, வாயிலில் படைக்கலம் ஏந்திய காவலர், உள்ளே புக விரும்பியும் அஞ்சி நிற்கும் பெருங்கூட்டம், அருகே மைக்கூடும் ஏடுமாக ஒருவன். கூட்டத்திலிருந்து ஒரு வீரன் சென்று தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்கிறான். பின் வாளை உருவிக்கொண்டு காவலருள் பாய்கிறான். கிறிஸ்தியான் இதனைக் கண்டு முறுவலித்து, பொருள் விளங்கிற்று, புறப்படுகிறேன் என்கிறான். வியாக்கியானியோ அவனை நிறுத்தி, இன்னும் காண வேண்டியன உள என்கிறான். அடுத்துக் காட்டுவது இருப்புக் கூண்டில் நம்பிக்கையிழந்து கிடக்கும் ஒருவனை. காட்சி போதும் என்று முடிவு செய்யும் உரிமை காண்பவனிடம் இல்லை! காண்டலைப் பனியன் இழிவாகக் கருதினாரல்லர் என்பதற்கு இவ்விடமே சான்று. பார்வையாளனாக இருத்தல் சோம்பலின் மறுபெயர் என்று கூறும் இக்கால மேடைப் பேச்சுகளோடு பனியன் உடன்படார்.

ஆயினும் முதற் பாகத்தின் இறுதியிலும் காண்போன் ஒருவன் எஞ்சுகிறான். அவனே கனவு காண்பவன். பயணிகள் நகருட் புகக் கதவு அடைக்கப்படுகிறது; தானும் அவர்களோடு இருக்கலாகாதா என்று அவன் வெளியே நின்று விழைகிறான். பெட்போர்டுத் தெருவில் நின்ற பாத்திரத் தொழிலாளியின் ஏக்கமே மீண்டும் ஒலிக்கிறது.

இரண்டாம் பாகத்தைத் திறனாய்வாளர் பலர் தாழ்வாக மதிப்பர். அதில் அவர்கள் கூறும் குறைகளை நாம் மறுக்கவில்லை. விருந்துகளும் விடுகதைகளும் சிறுவரை நிறுத்தி வைத்து வினாவிடை கேட்பதும் கதையைத் தேங்கச் செய்கின்றன. முதற் பாகத்தின் நெஞ்சதிர்ச்சி இதில் இல்லை. ஆனால் விட்டுச் செல்லப்பட்ட மனைவியும் நான்கு மைந்தரும் இதிலேதான் புறப்படுகின்றனர். அவர்களோடு தயை என நாம் பெயரிட்டுக்கொள்ளும் அயல்வீட்டு இளநங்கையும் வருகிறாள். வந்தவாறு நோக்குக. தலைவிக்கு அரசனின் ஓலை வந்தது. தயைக்கு அழைப்பே இல்லை. அயலாளைக் காண வந்தவள், சிறிது தொலைவு உடன் நடந்து வழியனுப்பவே கருதியவள். திட்டிவாசலில் ஏனையோர் உட்சென்ற பின்னும் வெளியே நடுங்கி நின்று, கதவைத் தட்டி, மயங்கி விழுகிறாள். அவளே பின்னர் மாளிகையொன்றில் தங்குங்கால், ஓய்ந்திராமல் காலுறையும் ஆடையும் தைத்து இல்லாதார்க்கு ஈகின்றாள். அவளை மணக்க வந்த ஒருவன் முதலில் அச்சுறுசுறுப்பைக் கண்டு மகிழ்கிறான். ஈட்டமெல்லாம் ஏழையர்க்குப் போகின்றதெனக் கேட்டதும் நழுவிவிடுகிறான். நகைச்சுவை கலந்த இச்சிறு நிகழ்ச்சியில், வேடிக்கை பார்க்க வந்தவள் ஊழியக்காரியானதைப் பனியன் ஓர் அறிவுரையுமின்றிக் காட்டிவிடுகிறார். இரண்டாம் பாகத்தின் கலைவெற்றி இவளே என்பது நம் துணிபு.

இவர்களை வழிநடத்துவோன் பெருநெஞ்சன், வியாக்கியானியின் வேலையாள். தமிழ் மரபில் ஆற்றுப்படை உண்டு; பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுவான். கூறியபின் அவன் கடமை முடிந்தது. பெருநெஞ்சனோ உடன் நடக்கிறான். ஊன்றுகோல் கொண்டோரையும் மனம் தளர்ந்தோரையும் பின்விடாது, அவர்தம் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறான். முதற் பாகத்தில் கிறிஸ்தியானும் அவன் தோழனும் நம்பிக்கையின்மை என்னும் அரக்கனின் கோட்டையிலிருந்து தப்பினர். பின்வருவோர்க்கு எச்சரிக்கையாகத் தூணொன்று நாட்டிச் சென்றனர். அவர்களால் இயன்றது அவ்வளவே. பெருநெஞ்சனும் கிறிஸ்தியானின் மைந்தரும் முதியவர் ஒருவரும் அதே இடத்துக்கு வந்து, அரக்கனைக் கொன்று, ஏழுநாட் பாடுபட்டுக் கோட்டையையே தகர்த்து, உள்ளே கிடந்த தந்தையையும் மகளையும் மீட்கின்றனர். தூணுக்கும் தகர்ப்புக்கும் இடைப்பட்டவை ஆறு ஆண்டுகள். அவை பனியன் சபைப் போதகராக இருந்த ஆண்டுகள்.

பெருநெஞ்சனும் தன்விருப்பாகச் செல்பவனல்லன். மாளிகை வாயிலில் அவன் திரும்ப முற்படுகிறான். பயணிகள் வருந்துகின்றனர், இறுதிவரை அவனைத் துணையாகக் கேட்க மறந்தமை அப்போதுதான் அவர்க்கு நினைவு வருகிறது. தான் தலைவனின் ஏவலுக்குட்பட்டவன் என்று சொல்லி அவன் போய்விடுகிறான். பின்பு அவர்கள் வேண்டிக்கொள்ள, மீண்டும் அனுப்பப்படுகிறான். சபையாரின் வேண்டுகோளுக்குப் பின்னரே வாய் திறந்த பனியனை இங்கு நாம் அடையாளங் காண்கின்றோம்.

முடிவில் பயணிகள் ஒருவர்பின் ஒருவராக ஆற்றைக் கடக்கின்றனர். தயையும், அவள் மணந்த மூத்த மைந்தனும், அவன் தம்பியரும் இக்கரையிலேயே இருக்கின்றனர். அவர்கள் கடக்குமளவும் தான் அங்கே தங்கவில்லை என்கிறான் கனவு காண்பவன். அவ்விடத்துத் திருச்சபை பெருகுதற்பொருட்டு அவர்கள் இன்னும் சிலகாலம் உயிரோடிருப்பர் என்று யாரோ சொல்லக் கேட்டதாக மட்டும் குறித்து விடைபெறுகிறான்.